பைபிளில் வரும் பெயர்ப் பட்டியல்களைத் தாண்டிப் போகாமல் படிப்பது எப்படி?

காசிமேட்டில் மீன் வாங்கப் போனால், வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருக்கும் ஆயா நிமிர்ந்து பார்த்து, "நீ யாரு வூட்டுப் புள்ள?" என்று கேட்பார். என் பெயரைச் சொன்னால் அவருக்குப் போதாது. அப்பா பெயர், தாத்தா பெயர், தாத்தா ஹார்பரா பின்னி மில்லா, எந்தத் தெரு, எந்தக் கோயில் என்று எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான், "அட, அவரு பேரனா நீ" என்று முகம் மலரும். ரெண்டு துண்டு கூடவும் விழும்.

புதிய ஏற்பாட்டின் முதல் புத்தகத்தில் மத்தேயு முதல் வரியிலேயே பதில் சொல்வதும் இதே கேள்விக்குத்தான். "ஆபிரகாமின் குமாரனாகிய தாவீதின் குமாரனான இயேசு கிறிஸ்துவின் வம்ச வரலாறு." நாசரேத்துக்காரர்களும் இதைத்தான் கேட்டார்கள், இவன் தச்சனுடைய மகன் அல்லவா, மரியாளுடைய பிள்ளை அல்லவா என்று. வடசென்னையில் பிறந்தவனுக்கு இந்தக் கேள்வி புரியாமல் போக வாய்ப்பே இல்லை. ஆனாலும் நம்மில் பாதிப் பேர் மத்தேயு 1-ஐத் திறந்தவுடன் 18-ஆம் வசனத்துக்குத் தாவிவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். ஜனவரி 1-ஆம் தேதி வாட்ச்நைட் ஆராதனை முடிந்த சூட்டில் ஆதியாகமம் ஆரம்பிப்பேன், 5-ஆம் அதிகாரத்தில் வேகம் குறையும், வருஷக் கடைசிவரை இழுத்துப் பிடித்தாலும் 1 நாளாகமத்தில் நின்றுவிடும். பிறகு ஒரு டிசம்பரில் ஆராதனையில் வாசிக்கச் சொல்லி மத்தேயு 1-ஐ என்னிடம் கொடுத்தார்கள். வீட்டில் ஒரு முறைகூட வாசித்துப் பார்க்காமல் போய் நின்றேன். அம்மினதாபில் தடுக்கி, நகசோனில் விழுந்து, ரெகொபெயாமைக் கடந்தபோது வாலிபர் வரிசையில் சிரிப்பு கேட்டது. அதற்குப் பிறகுதான் இதை ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்று ரோஷம் வந்தது. இப்போது சொல்லப்போவது அப்படித் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட முறை.

கல்யாணப் பத்திரிகை படிக்கிற கண்ணோடு படியுங்கள்

நம் வீட்டுக்கு ஒரு பத்திரிகை வந்தால் தேதியையும் மண்டபத்தையுமா முதலில் பார்க்கிறோம்? யார் பெயர் மேலே இருக்கிறது, யார் பெயர் கீழே போய்விட்டது, எந்தச் சித்தப்பா பெயர் காணவில்லை என்றுதான் பார்ப்போம். எங்கள் வீட்டில் ஒரு கல்யாணத்துக்கு அச்சடித்த பத்திரிகையில் ஒரு அத்தையின் பெயர் விட்டுப்போனது. அத்தை வந்தார், மொய் எழுதினார், சாப்பிடாமல் போனார். பதினைந்து வருஷம் ஆகியும் அந்தக் கதை ஓயவில்லை. தெருமுனையில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அப்படித்தான். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் என்று கடைசிப் பெயர்வரை படித்துவிட்டு, "பெரியவன் பேரு இல்லையே, இன்னும் பேச்சுவார்த்தை இல்லபோல" என்று சொல்லிவிட்டு நகர்வார்கள்.

பைபிள் பட்டியலுக்கும் இதே கண்தான் வேண்டும், புதிதாக ஒன்றும் கற்க வேண்டியதில்லை.

ஒரு பென்சில், ஒரு நோட்டு. ஆரம்பம் மத்தேயு 1:1-17 மட்டும், வேறெங்கும் போகாதீர்கள். மனதுக்குள் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள், மூன்று நிமிஷம் ஆகும். "பெற்றான், பெற்றான், பெற்றான்" என்று ஒரு தாளம் பிடித்துக்கொள்ளும். அந்தத் தாளம் எங்கே இடறுகிறதோ, எங்கே தேவையில்லாமல் ஒரு வார்த்தை கூடுதலாக வருகிறதோ, அங்கே ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். முதல் தடவையில் இவ்வளவு போதும், அர்த்தம் தேட வேண்டாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. 3-ஆம் வசனத்தில் "பாரேசையும் சாராவையும்" என்று வருகிற சாரா ஆண்பிள்ளை. ஆபிரகாமின் மனைவி சாராள் வேறு. இந்த இடத்தில் குழம்பி, "சாராவை யூதா எப்படிப் பெற்றான்" என்று என்னிடம் கேட்டவர்கள் மூன்று பேர். கத்தோலிக்க வீடுகளில் உள்ள திருவிவிலியத்தில் "பெற்றான்" இருக்காது, "ஆபிரகாமின் மகன் ஈசாக்கு, ஈசாக்கின் மகன் யாக்கோபு" என்று போகும். அதுவும் நல்ல தாளம்தான், ஆனால் இந்த வேலைக்குப் பழைய மொழிபெயர்ப்புதான் வசதி. ஏன் என்று 16-ஆம் வசனத்தில் தெரியும்.

கோடு போட்ட இடங்கள்

உங்கள் நோட்டில் முதலில் மாட்டியிருப்பது பெண்கள் பெயராகத்தான் இருக்கும். அந்தக் கால யூதப் பட்டியலில் தகப்பன் பெயர் போதும், தாய் பெயர் வேண்டியதில்லை. சேர்க்கிறதாக இருந்தால் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் என்று எல்லோருக்கும் தெரிந்த பெரிய வீட்டுப் பெண்களைச் சேர்த்திருக்கலாம். மத்தேயு அவர்களை விட்டுவிட்டு தாமாரையும் ராகாபையும் ரூத்தையும் சேர்த்தார். தாமார் கதையைப் பிள்ளைகள் முன்னால் வாசிக்கவே பெரியவர்கள் தயங்குவார்கள். ஆதியாகமம் 38-ஐத் திறந்து பாருங்கள், கடைசியில் "என்னிலும் அவள் நீதியுள்ளவள்" என்று ஒப்புக்கொள்வது யூதாதான். ராகாப் எரிகோ ஊர் வேசி, ஜன்னலில் சிவப்புக் கயிறு கட்டினவள். ரூத் மோவாப் நாட்டுக்காரி. மோவாபியன் பத்தாம் தலைமுறையானாலும் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் 23:3 சொல்லியிருக்க, அவள் கொள்ளுப்பேரன்தான் தாவீது.

நாலாவது பெண்ணுக்குப் பெயரே இல்லை. "உரியாவின் மனைவியாயிருந்தவள்." பத்சேபாள் என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? என்னை அதிக நாள் நிறுத்தி வைத்த வரி இதுதான். அவளுடைய பெயரை விட்டுவிட்டு, செத்துப்போன புருஷனுடைய பெயரை அந்த இடத்தில் வைக்கிறார். போர்முனையில் தனியாக விடப்பட்டுக் கொல்லப்பட்ட ஏத்தியன் என்ற வேற்றினத்தான் அவன், அவன் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைக் கொல்லச் சொல்லிக் கடிதம் எழுதினது தாவீது, அந்தக் கடிதத்தைக் கொண்டுபோனது உரியாவே. இந்த வம்சத்தில் "ராஜா" என்ற பட்டத்தோடு எழுதப்பட்ட ஒரே ஆள் தாவீதுதான், அதே வசனத்தில் பட்டமும் இருக்கிறது, கொலையும் இருக்கிறது. நம் வீட்டுப் பத்திரிகையில் இப்படி ஒரு வரி வருவதாக இருந்தால் அச்சகத்துக்குப் போகும் முன்பே அடித்திருப்போம். மேசியாவின் பத்திரிகையில் அதை அடிக்கவில்லை. பாவிகளை இரட்சிக்க வந்தவர் எந்த மாதிரி வீட்டில் பிறக்கச் சம்மதித்தார் என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது. பிரசங்கம் எதுவும் சேர்க்காமல் இந்த ஒரு வசனத்தோடு பத்து நிமிஷம் உட்காருங்கள்.

அப்புறம் 16-ஆம் வசனம். "யாக்கோபு மரியாளுடைய புருஷனாகிய யோசேப்பைப் பெற்றான், அவளிடத்தில் கிறிஸ்து என்னப்படுகிற இயேசு பிறந்தார்." வாய்விட்டுப் படித்தால்தான் இதன் வீச்சு பிடிபடும். ஆபிரகாம் முதல் விடாமல் ஓடி வந்த "பெற்றான்" யோசேப்போடு நின்றுபோகிறது. யோசேப்பு பெற்றான் என்று எழுத முடியாததால் வினைச்சொல்லே மாறி "பிறந்தார்" ஆகிறது. கன்னிப் பிறப்பைப் பற்றி 18-ஆம் வசனத்தில்தான் கதை ஆரம்பிக்கும், ஆனால் இலக்கணம் இரண்டு வசனம் முன்னாலேயே சொல்லிவிட்டது. யோசேப்பு பெறவில்லை, ஆனாலும் பிள்ளைக்குப் பேரிட்டது அவர்தான் (1:25). பேரிட்டதால் அது அவர் வீட்டுப் பிள்ளை, தாவீது வீட்டுப் பிள்ளை. தத்துப்பிள்ளை எடுத்து வளர்க்கிற யாராவது உங்கள் சபையில் இருந்தால் இந்த வசனத்தை அவர்களுக்குக் காட்டுங்கள்.

எண்ணிப் பாருங்கள், விட்டுப்போனவர்களைத் தேடுங்கள்

17-ஆம் வசனம் பதினாலு, பதினாலு, பதினாலு என்று கணக்குச் சொல்கிறது. விரல்விட்டு எண்ணினால் மூன்றாவது கூட்டத்தில் பதின்மூன்றுதான் வரும், எகொனியா என்ற ராஜாவை இரண்டாவது கூட்டத்திலும் மூன்றாவதிலும் எண்ணினால்தான் சரியாகும். பதறாதீர்கள். எபிரெயத்தில் எழுத்துக்கு எண் மதிப்பு உண்டு, தாவீது என்ற பெயர் மூன்றே எழுத்து, 4, 6, 4, கூட்டினால் 14. யூதக் காதுக்கு அந்த எண் "தாவீது, தாவீது, தாவீது" என்று கேட்டிருக்கும் என்று பலர் சொல்கிறார்கள், எனக்கும் அது பொருத்தமாகத்தான் படுகிறது.

இந்தக் கணக்குக்காக மத்தேயு சிலரை விட்டிருக்கிறார். "யோராம் உசியாவைப் பெற்றான்" என்ற இடத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு 1 நாளாகமம் 3:11-12-ஐ எடுத்து ஒப்பிடுங்கள். நடுவில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்கள் காணாமல் போயிருப்பார்கள். மூன்று பேரும் ஆகாபின் மகள் அத்தாலியாள் வழி வந்தவர்கள், ஆகாப் ராஜாவின் வீட்டின்மேல் இருந்த தீர்ப்பினால்தான் விடப்பட்டார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. எது எப்படியோ, இங்கே நின்று 2 இராஜாக்கள் 11-ஐ ஒரு தடவை படித்துவிடுங்கள். அத்தாலியாள் ராஜவம்சத்தார் எல்லோரையும் கொன்று போடுகிறாள், யோசேபாள் என்கிற அத்தை ஒரு கைக்குழந்தையை மட்டும் திருடிக்கொண்டுபோய் ஆலயத்தில் ஆறு வருஷம் ஒளித்து வைக்கிறாள். தாவீதுக்குக் கொடுத்த வாக்குத்தத்தம் மொத்தமும் அந்த ஒரு குழந்தையோடு ஒளிந்திருந்தது. அந்தக் குழந்தைதான் யோவாஸ். பட்டியலில் அவன் பெயரே இல்லை!

"பெற்றான்" என்பதற்கு நேர்த் தகப்பன் என்று மட்டும் அர்த்தம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதும் இதில் தெரிந்துவிடும். பர்திமேயு என்ற குருடன் "தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்" என்று கத்தினபோது நடுவில் ஆயிரம் வருஷம் இருந்தது. ஆகவே இந்த எண்களைக் கூட்டி உலகம் உண்டான தேதி கண்டுபிடிக்கும் வேலையில் இறங்காதீர்கள். 17-ஆம் நூற்றாண்டில் அஷர் என்ற அயர்லாந்து பேராயர் கூட்டி, கிமு 4004 என்று எழுதிவைத்தார். நமக்கு அந்த வேலை வேண்டாம்.

இனி எகொனியா. எரேமியா 22-ல் இவனுக்குத்தான் கோனியா என்று பெயர். நீ என் வலதுகை முத்திரை மோதிரமாக இருந்தாலும் கழற்றி எறிந்துபோடுவேன், இந்த ஆளைப் பிள்ளையில்லாதவன் என்று எழுதுங்கள் என்று கர்த்தர் சொன்ன ராஜா. பதினெட்டு வயதில் பட்டத்துக்கு வந்து, மூன்றே மாதத்தில் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனான். வம்சம் இங்கே முடிந்தது என்றுதான் எருசலேமில் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் மத்தேயு 12-ஆம் வசனத்தில், சிறையிருப்புக்குப் பின்பு, அவன் பெயரில்தான் மறுபடி ஆரம்பிக்கிறார். அவன் பேரன் செருபாபேல் எருசலேமுக்குத் திரும்பி வருகிறான், அவனிடம் ஆகாய் 2:23-ல் கர்த்தர், உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன் என்கிறார். அதே மோதிரம்! அடகுக் கடையில் மூழ்கிப்போன தாத்தாவின் மோதிரம் பேரன் கைக்குத் திரும்பி வந்த மாதிரி. இரண்டு வசனத்தையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பேரன் என்ற சொல்லே பெயரன், தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்பதிலிருந்துதான் வந்தது.

செருபாபேலுக்குப் பிறகு வருகிறவர்களைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, பைபிளிலும் ஒன்றுமில்லை. அபியூத், எலியாக்கீம், ஆசோர், சாதோக்கு, ஆகீம், எலியூத், எலெயாசார், மாத்தான், யாக்கோபு. ஒன்பது பேர். ராஜா வீடாக இருந்தது தச்சன் வீடாக ஆனது இவர்கள் காலத்தில்தான். எந்த ஆண்டில் நிலம் போனது, யார் முதலில் உளியைக் கையில் எடுத்தது என்று ஒரு வரிகூட இல்லை. இவர்களில் ஒருவருக்கும் தன் பிள்ளையின் பிள்ளை வழியில் யார் வரப்போகிறார் என்று தெரிந்திருக்காது. பிழைத்தார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள், செத்தார்கள். கல்லறைத் திருநாளில் காசிமேடு கல்லறைக்குப் போய் நம் ஆட்களின் கல்லறையைக் கழுவி மெழுகுவர்த்தி ஏற்றும்போது, பக்கத்தில் பெயர் அழிந்துபோன கல்லறைகளைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அங்கே நிற்கும்போதெல்லாம் ஆசோரும் ஆகீமும் ஞாபகத்துக்கு வருவார்கள். ஜெபிக்கும்போது இந்த ஒன்பது பெயரையும் சத்தமாகச் சொல்லி, கூடவே உங்களுக்குத் தெரிந்த உங்கள் முன்னோர் பெயர்களையும் சொல்லி நன்றி செலுத்திப் பாருங்கள், முதலில் கூச்சமாக இருக்கும்.

லூக்காவை எப்போது எடுக்கலாம்

மத்தேயு பழகின பிறகு, அடுத்த வாரம். லூக்கா 3:23-38 தலைகீழாக ஓடும், இயேசுவில் தொடங்கி மேலே மேலே ஏறி ஆதாமைத் தாண்டிப் போகும். தாவீதுக்குப் பிறகு மத்தேயு சாலொமோன் வழியாக வருகிறார், லூக்கா நாத்தான் என்ற இன்னொரு மகன் வழியாக. யோசேப்பின் தகப்பன் மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி. இது முரண்பாடு இல்லையா என்று யாராவது கேட்டால் மழுப்ப வேண்டாம், பழைய காலத்திலேயே கேட்ட கேள்விதான். 3-ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கானுஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், பிள்ளையில்லாமல் செத்த சகோதரனின் மனைவியைத் தம்பி மணந்து அண்ணனுக்குச் சந்தானம் உண்டாக்கும் யூத வழக்கத்தை வைத்து, ஒருவர் பெற்ற தகப்பன், மற்றவர் சட்டப்படி தகப்பன் என்றார். லூக்காவில் இருப்பது மரியாளின் வழி என்று சொல்கிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் முதல் விளக்கம் கொஞ்சம் நெருக்கம், ஆனால் இதை வைத்து வாட்ஸ்அப் குழுவில் சண்டை போடுகிற அளவுக்கு இல்லை. பவுலே தீமோத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் வம்சவரலாறுகளைப் பற்றி வாக்குவாதம் பண்ணாதே என்று எழுதியிருக்கிறார்.

லூக்காவில் பெயர்களைவிட, பட்டியலை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். பட்டியலுக்கு முந்தின வசனம் ஞானஸ்நானம்: "நீர் என்னுடைய நேசகுமாரன்." பட்டியல் முடிந்ததும் வனாந்தரம், பிசாசின் முதல் வார்த்தை: "நீர் தேவனுடைய குமாரனேயானால்." நடுவில் எழுபதுக்கு மேற்பட்ட பெயர்கள், "இன்னார் குமாரன், இன்னார் குமாரன்" என்று ஏறிப்போய் "ஆதாம் தேவனால் உண்டானவன்" என்று முடிகிறது. மூலமொழியில் அந்தக் கடைசிப் படியும் மற்ற படிகளைப் போலவே, ஆதாம் தேவனுடையவன் என்றே இருக்கிறது. யாரு வூட்டுப் புள்ள என்ற கேள்விக்கு மத்தேயு இஸ்ரவேலின் வீட்டைக் காட்டுகிறார், லூக்கா மனுஷர் எல்லோருடைய வீட்டையும் காட்டுகிறார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. வம்ச வரலாற்றைப் பேசும்போது நம் சபைகளில் சிலருக்கு உடனே சொந்த வம்சப் பெருமை தலைக்கேறும், பெண் பார்க்கும்போது "நம்ம ஆளுங்களா" என்று விசாரிக்கும் அதே வாய்தான் கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்று சாட்சி சொல்லும். யோவான் ஸ்நானன் யோர்தானில் நின்றுகொண்டு, ஆபிரகாம் எங்களுக்குத் தகப்பன் என்று நினைக்காதீர்கள், இந்தக் கல்லுகளினாலே தேவன் ஆபிரகாமுக்குப் பிள்ளைகளை உண்டுபண்ண வல்லவர் என்றது இவர்களுக்காகத்தான். மோவாப் மருமகளும் எரிகோ வேசியும் இருக்கிற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சாதி பார்க்க எப்படி மனசு வருகிறதோ தெரியவில்லை.

வீட்டில் செய்ய

டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் ஆரம்பிக்கும் முன் ஒரு சாயங்காலம் குடும்பமாக உட்காருங்கள். ஆளுக்கு ஒரு பெயர் என்று சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுங்கள், வந்த பெயருக்கு உரிய கதையை ஒரு வாரத்துக்குள் தேடிக்கொண்டு வந்து சொல்ல வேண்டும். மனாசே வந்தவருக்கு 2 நாளாகமம் 33, எசேக்கியா வந்தவருக்கு ஏசாயா 38. ஆசோர் வந்தவர் பாவம், அவருக்குக் கதை கிடைக்காது, அவரை வீட்டுப் பெரியவர்களிடம் உட்காரவைத்து நம் குடும்பப் பெயர்களைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பழைய குடும்ப பைபிள் இருந்தால் முன்பக்க வெற்றுத்தாளைப் பாருங்கள், பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி எல்லாம் தாத்தா மசிப்பேனாவில் எழுதியிருப்பார். எங்கள் பைபிளில் அப்படி ஏழு பெயர் இருந்தது, ஏழும் ஆண்கள். பெண்கள் பெயரை அம்மாவைக் கேட்டுப் பக்கத்தில் எழுதினோம், கொள்ளுப்பாட்டியின் பெயர் அம்மாவுக்கே தெரியவில்லை, தண்டையார்பேட்டையில் இருக்கும் பெரியம்மாவுக்கு போன் போட்ட பிறகுதான் கிடைத்தது.

ஆராதனையில் வாசிக்கப் போகிறவர்களுக்கு: முந்தின நாள் இரண்டு முறை சத்தமாக வாசியுங்கள், ஒவ்வொரு "பெற்றான்"-க்கும் பிறகு மூச்சு விடுங்கள், உரியாவின் பெயர் வரும் இடத்தில் வேகத்தைக் குறையுங்கள், 16-ல் "பிறந்தார்" என்ற சொல்லை விழுங்கிவிடாதீர்கள்.

1 நாளாகமத்தைக் கடைசிக்கு வையுங்கள். ஒன்பது அதிகாரம், நாளுக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம், இரண்டாம் நாளிலேயே தூக்கம் வரும். நாலாம் அதிகாரத்தில் யாபேஸ் வருவான், "என் எல்லையைப் பெரிதாக்கி" என்று ஜெபித்தவன், ஆட்டோ கண்ணாடியில் ஸ்டிக்கராகப் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் அவனோடு நின்றுவிடுவார்கள். நீங்கள் நிற்காமல் 23-ஆம் வசனம்வரை போங்கள், வழியில் கைத்தொழில்காரர்களின் பள்ளத்தாக்கு ஒன்று வரும், மெல்லிய புடவை நெய்தவர்களின் குடும்பங்கள் வரும், கடைசியில் ராஜாவின் வேலைக்காக அங்கேயே குடியிருந்த குயவர்கள் வருவார்கள். ஏழாம் அதிகாரம் 24-ல் சேராள் என்ற பெண் இருக்கிறாள், ஊர்களைக் கட்டினவள், அவளுக்கும் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஒன்பதாம் அதிகாரத்தில் வாசல் காக்கிறவர்கள் மட்டும் 212 பேர், சட்டியில் சுடுகிற பலகாரத்துக்குப் பொறுப்பாளி ஒருவன், இரவும் பகலும் வேலை இருந்ததால் வேறு வேலைக்கு விடப்படாத பாடகர்கள். நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர் யாராவது வீட்டில் இருந்தால் அந்த 33-ஆம் வசனத்தை அவரை வாசிக்கச் சொல்லுங்கள்.